போர் தண்ணீரில் கறிவேப்பிலை: கொழுந்து மட்டும் மஞ்சளாக வருகிறது, அடி இலை பச்சையாகவே இருக்கிறது

பால்கனி_வைட்ஃபீல்டு கேட்டது:

வணக்கம். பெங்களூரு வைட்ஃபீல்டில் அடுக்குமாடி, 6-வது மாடி, தெற்குப் பார்த்த பால்கனி. 12 அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் மூன்று வயதுக் கறிவேப்பிலை. ஒற்றைத் தண்டாக நாலடி உயரம், இலை எல்லாம் உச்சியில்தான்.

தீபாவளிக்குப் பிறகு வந்த கொழுந்து அத்தனையும் வெளிர் மஞ்சள். இலையின் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது, நடுவில் எல்லாம் எலுமிச்சை நிறம். கடைசியாக வந்த துளிர் ஏறக்குறைய வெள்ளையாகி, நுனி கருகிவிட்டது. அடி இலைகள் கரும்பச்சையாக நன்றாகவே இருக்கின்றன. பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை.

தினமும் ஒரு லிட்டர் தண்ணீர், பால்கனிக் குழாயிலிருந்து. போரும் டேங்கரும் கலந்த தண்ணீர். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. இதுவரை போட்டவை: மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம், முட்டை ஓட்டுத் தூள், தேங்காய்ச் சிரட்டைச் சாம்பல், இரண்டு முறை எப்சம் உப்பு (லிட்டருக்கு ஒரு டீஸ்பூன்). இரும்புச் சத்துக் குறைவு என்று சொன்னதால் துருப்பிடித்த ஆணி நாலு மண்ணில் புதைத்தும் ஒரு மாற்றமும் இல்லை.

மூன்று சந்தேகங்கள். இது இரும்புக் குறைவுதானா? குளியலறைக் குழாயில் சாஃப்டனர் வழியாக வரும் தண்ணீரை ஊற்றலாமா? ஆர்.ஓ. கழிவு நீர் தினமும் 15 லிட்டர் வீணாகிறது, அதை இதற்குக் கொடுக்கலாமா?

வேரடி_மண் எழுதியது:

இரும்புக் குறைவுதான். ஆனால் மண்ணில் இரும்பு இல்லாததால் வந்த குறைவு இல்லை. இந்த வித்தியாசம் புரியாவிட்டால் எதைப் போட்டாலும் வீண்.

எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்பதுதான் முதல் தடயம். தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பும். அதனால் அடி இலை முதலில் வெளுக்கும். தழைச்சத்து என்றால் இலை முழுக்க ஒரே மஞ்சள், மக்னீசியம் என்றால் நரம்புக்கு இடையில் மஞ்சள். இரும்பு அப்படி நகராது. ஒரு இலையில் சேர்ந்துவிட்டால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அன்றன்றைக்கு வேர் எடுத்துக் கொடுத்தால்தான் கொழுந்துக்குக் கிடைக்கும். உங்கள் செடியில் அடி இலை கரும்பச்சை, கொழுந்து மட்டும் வெளுப்பு, நரம்பு பச்சை. வேறு நோய் தேட வேண்டியதில்லை. எப்சம் உப்பு மக்னீசியம்தான், அது கேட்காத பண்டம். நிறுத்திவிடுங்கள்.

இனி ஆணி விஷயம். நம்ம ஊர்ச் செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது? இரும்பு ஆக்சைடுதான், அதாவது துரு. தொட்டி நிறையத் துருவை வைத்துக்கொண்டு அதில் நாலு ஆணியைப் புதைப்பதால் என்ன கூடப்போகிறது? இரும்பு இருக்கிறது, கரைய மாட்டேன் என்கிறது. மண்ணின் பிஹெச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம்) 6 முதல் 6.5 வரை இருந்தால் வேருக்கு வேண்டிய அளவு கரையும். 7.5-ஐத் தாண்டினால் கரைவது மிகவும் சொற்பம்.

செடி இதற்குச் சும்மா இருப்பதில்லை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பம். இந்த வகைச் செடிகள் இரும்பு போதாதபோது வேர் நுனியிலிருந்து அமிலத்தைக் கசியவிட்டு, சுற்றியுள்ள ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மண்ணை மட்டும் புளிப்பாக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் கரைந்த இரும்பை வேரின் மேல்தோலில் உள்ள ஒரு நொதி வேறு வடிவத்துக்கு மாற்றி உள்ளே இழுக்கும். நல்ல ஏற்பாடு. அதைத் தினமும் கெடுப்பது போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் என்ற கார உப்பு. வேர் விடும் அமிலத்தை அது அங்கேயே முறித்துவிடும். செடி மறுபடி அமிலம் விடும், நீங்கள் மறுபடி ஒரு லிட்டர் ஊற்றுவீர்கள்.

கணக்குப் பாருங்கள். காரத்தன்மை (பைகார்பனேட்டின் அளவைச் சுண்ணாம்புக் கணக்கில் சொல்வது) லிட்டருக்கு 300 மில்லிகிராம் என்று வைத்தால், தினம் ஒரு லிட்டர் வீதம் வருடத்துக்கு 110 கிராம் சுண்ணாம்பு. தொட்டியின் அடியில் தண்ணீர் வடியாமல் அளந்து ஊற்றினால் அத்தனையும் உள்ளேயே தங்கும். விளிம்பில் பூத்திருப்பது அதன் வெளித்தெரியும் பாகம் மட்டுமே. இதன் மேல் நீங்கள் போட்ட முட்டை ஓடு சுண்ணாம்பு, சாம்பலும் காரம். இரண்டும் புளித்த மண்ணுக்கு நல்ல பொருள், உங்கள் தொட்டிக்கு நேர் எதிர்.

சாஃப்டனர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். பைகார்பனேட் அப்படியே இருக்கும். சோப்பு நுரைக்கும், குழாயில் கறை படியாது, ஆனால் மண் களிபோல் இறுகி வேருக்குக் காற்று போகாது. ஆர்.ஓ. கழிவு நீர் அதைவிட மோசம். உள்ளே போன உப்பு முழுக்கக் குறைந்த தண்ணீரில் அடர்ந்து வெளியே வருகிறது. தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்து வாங்கும் முன் இரண்டு சோதனை செய்யுங்கள். விளிம்பில் பூத்த வெள்ளையைச் சுரண்டி அதன் மேல் நாலு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட். அதேபோல் நாலு அங்குல ஆழத்து மண்ணிலும் விட்டுப் பாருங்கள். இரண்டாவது, மீன் தொட்டிக் கடையில் தண்ணீரின் காரத்தன்மையை அளக்கும் கே.ஹெச். டெஸ்ட் கிட் கிடைக்கும். 5 மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் வரை எண்ணுவது. பெரும்பாலான கிட்டுகளில் ஒரு சொட்டு ஒரு டிகிரி, ஒரு டிகிரிக்கு 17.9 மில்லிகிராம். டி.டி.எஸ். மீட்டர் இதற்கு உதவாது. மொத்த உப்பு எவ்வளவு என்று சொல்லுமே தவிர, அதில் பைகார்பனேட் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

ஜெயநகர்_மாடித்தோட்டம் எழுதியது:

வேரடி சொன்னது முழுக்கச் சரி. சிகிச்சைப் பக்கத்தை நான் எழுதுகிறேன்.

உடனடி நிவாரணத்துக்கு இரும்புச் செலேட், அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்துவைக்கும் கரிமச் சேர்மம். உரக்கடையில் "ஐயர்ன் செலேட்" என்று கேட்டால் பெரும்பாலும் இ.டி.டி.ஏ. 12 சதவீதப் பாக்கெட்டை எடுத்துக் கொடுப்பார்கள், மஞ்சள் கலந்த பழுப்புத் தூள். அது பிஹெச் 6.5 வரைக்கும்தான் தாங்கும். உங்கள் மண்ணில் ஊற்றினால் கால்சியம் வந்து இரும்பைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். மண்ணில் ஊற்ற இ.டி.டி.ஹெச்.ஏ. 6 சதவீதம் வேண்டும். கரும் பழுப்புக் குருணை, தண்ணீரில் போட்டதும் ரத்தச் சிவப்பாகக் கரையும். விலை அதிகம், ஆனால் பிஹெச் 9 வரை இரும்பை விடாமல் பிடித்துவைக்கும். 12 அங்குலத் தொட்டிக்கு 2 கிராம், 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் ஈரமாக இருக்கும்போது, வெயில் தாழ்ந்த பிறகு. வெளிச்சம் பட்டால் செலேட் சிதையும், அதனால் ஊற்றியதும் மேலே அரை லிட்டர் வெறும் தண்ணீர் விட்டு உள்ளே இறக்கிவிடுங்கள். தரை ஓட்டில் சிந்தினால் கறை போகாது.

இ.டி.டி.ஏ. பாக்கெட்டைத்தான் வாங்கிவிட்டீர்கள் என்றால் இலையில் தெளியுங்கள், லிட்டருக்கு அரை கிராம். அன்னபேதியும் (ஃபெரஸ் சல்ஃபேட்) தெளிக்கலாம், லிட்டருக்கு 2 கிராம், கூடவே எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், மாலையில் மட்டும். 5 கிராம் வரை போடும் வழக்கம் வயலில் உண்டு, பால்கனியில் வெளுத்த கொழுந்து அதைத் தாங்காது, கரும்புள்ளி விழும். தெளித்த பின் 10 நாள் அந்த இலையைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம், பிறகும் நன்றாகக் கழுவிப் போடுங்கள்.

ஏற்கெனவே வெள்ளையான இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்து விடும் துளிரைப் பாருங்கள். வெயிலும் சூடும் இருக்கும் மாதத்தில் இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

மல்லேஸ்வரம்_துளிர் எழுதியது:

இவ்வளவு எதற்கு? கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றினாலே போதும். வாரம் ஒரு டம்ளர், உப்புப் போடாத மோர். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாம் இதுதான் வழக்கம், செடி கருகருவென்று நிற்கும்.

வேரடி_மண் எழுதியது:

மோர் வைத்தியத்தை நான் ஒதுக்க மாட்டேன். அதில் அறிவியல் இருக்கிறது, அளவு மட்டும் போதாது.

நன்றாகப் புளித்த தயிரில் சுமார் 1 சதவீதம் லாக்டிக் அமிலம் இருக்கும். ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்ட மோர் ஒரு டம்ளர், 200 மில்லி என்றால் உள்ளே 50 மில்லி தயிர், அரை கிராம் அமிலம். 300 மில்லிகிராம் காரத்தன்மை உள்ள போர் தண்ணீரில் ஏறக்குறைய ஒரு லிட்டரை அது சரிக்கட்டும். அவர் வாரத்துக்கு 7 லிட்டர் ஊற்றுகிறார். மல்லேஸ்வரம் பக்கம் குழாயில் வருவது காவிரித் தண்ணீர். அதில் காரம் குறைவு, ஒரு டம்ளர் மோருக்கே வேலை தெரியும். வைட்ஃபீல்டு டேங்கர் தண்ணீரில் அதே டம்ளர் அடிபட்டுப் போகும். மோர் ஊற்றும் வழக்கம் தோன்றிய வீடுகளில் செடி தொட்டியில் இல்லை, கொல்லையில் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே அடைமழை ஒன்று பெய்தால் ஒரு வருட உப்பும் கழுவிப் போய்விடும். தொட்டியில் ஏழு லிட்டருக்கும் மோரே ஊற்றப் போனால் கொழுப்பும் புரதமும் மேல் மண்ணில் அழுகிக் கொசுமாதிரி ஈ மொய்க்கும், எறும்பு வரும்.

ஒன்று சொல்ல வேண்டும்: புளித்த மோரில் இரும்பு ஆணியை நாலைந்து நாள் ஊறப்போட்டு அந்த மோரை ஊற்றும் பழக்கம் இருக்கிறதே, அது வெறும் ஆணியைப் புதைப்பதைவிட ஆயிரம் மடங்கு புத்திசாலித்தனம். அமிலத்தில் ஊறிய இரும்பு உண்மையிலேயே கரைகிறது.

தண்ணீரையே மாற்ற முடியாதபோது எலுமிச்சை உப்பு கைகொடுக்கும். 300 மில்லிகிராம் தண்ணீர் என்றால் 10 லிட்டருக்கு 3 கிராம். எலுமிச்சைப் பழம்தான் இருக்கிறது என்றால் சாறுள்ள இரண்டு பழம் அதே வேலை செய்யும். கலக்கிவிட்டு ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள், கரியமில வாயு குமிழிட்டுப் போய்விடும். பிறகு பூவாளியில் ஊற்றுங்கள். காரத்தை முழுக்கக் கொல்லக் கூடாது, மூன்றில் ஒரு பங்கு மிஞ்சட்டும். அதற்காகத்தான் 3 கிராம் என்றேன், 5 இல்லை. இதற்கும் ஒரு எல்லை உண்டு. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்று தீர்த்ததும் பைகார்பனேட் திரும்பி வரும். அதனால் இது காலத்தை ஓட்டும் வழி. முடிவான வழி மழைநீர்தான்.

எலெக்ட்ரானிக்சிட்டி_வடக்கு எழுதியது:

தண்ணீரைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள், தெற்கு பால்கனியை விட்டுவிட்டீர்கள்.

பெங்களூரு 13 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. டிசம்பர் உச்சி வெயில் தெற்குப் பக்கம் சரிந்து 53 பாகை உயரத்தில் நிற்கும், தெற்கு பால்கனிக்குள் நன்றாக ஏறி வரும். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல், நிழலே விழாத நாள். அன்றிலிருந்து ஆகஸ்ட் 18 வாக்கில் இரண்டாவது நிழலற்ற நாள் வரும் வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம்தான். மேலே ஒரு பால்கனித் தளம் இருக்கும் வீட்டில் இந்த நாலு மாதமும் தெற்குப் பக்கத்துக்கு நேர் வெயில் கிடைக்காது. ஊரே கொதிக்கும் ஏப்ரல் கடைசியில் உங்கள் செடி நிழலில் நிற்கும்.

கறிவேப்பிலைக்கு 5, 6 மணி நேரம் நேர் வெயில் வேண்டும். இல்லாவிட்டால் கணு நீண்டு ஈர்க்கு மெலிந்து உச்சிக்கு ஓடும். உங்கள் ஒற்றைத் தண்டுக்கு அதுவும் ஒரு காரணம். கிழக்கிலோ மேற்கிலோ ஜன்னல் கம்பி மேடை இருந்தால் ஏப்ரல் நடுவில் அங்கே மாற்றி ஆகஸ்ட் கடைசியில் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் தூக்கி மேற்கு வெயிலில் வைத்தால் இலை வெந்துவிடும், ஒரு வாரம் சிறிது சிறிதாகப் பழக்குங்கள். மாற்ற இடமில்லை என்றால் தண்ணீரையாவது குறையுங்கள். வெயில் இல்லாத செடி குடிப்பதும் குறைவு, அதே ஒரு லிட்டர் தினமும் போனால் வேர் மூச்சு முட்டும். வேர் மூச்சு முட்டினாலும் இரும்பு ஏறாது, கொழுந்து இதே மாதிரி மஞ்சளாகும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இன்னொன்று, டிசம்பர், ஜனவரியில் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கும். 16-க்குக் கீழே போனால் மொட்டு உறங்கிவிடும். அந்த இரண்டு மாதம் உரம் போட்டுச் செடியை எழுப்ப முயல வேண்டாம்.

பால்கனி_வைட்ஃபீல்டு எழுதியது:

மிக்க நன்றி, எல்லோருக்கும். சோதனை செய்துவிட்டேன். விளிம்பு வெள்ளை சோடா மாதிரி பொங்கியது. நாலு அங்குல ஆழத்து மண்ணிலும் சர்ரென்று சத்தம் கேட்டது. கே.ஹெச். 17 சொட்டு. பால்கனிக் குழாய் சாஃப்டனருக்கு முன்னாலேயே பிரிந்து வரும் லைன் என்று பிளம்பர் சொன்னார்.

மண்ணை மாற்ற வேண்டுமா, கந்தகத் தூள் போட்டால் போதுமா? ஒற்றைத் தண்டை எங்கே வெட்டுவது?

வேரடி_மண் எழுதியது:

17 சொட்டு என்றால் 304 மில்லிகிராம். மேலே சொன்ன 3 கிராம் கணக்கு அப்படியே பொருந்தும்.

ஆழத்து மண்ணே பொங்குகிறது என்றால் கந்தகத்தை நம்ப வேண்டாம். 100 கிராம் சுண்ணாம்பைக் கரைக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். அதை அமிலமாக்குவது பாக்டீரியா, மாதக்கணக்கில் ஆகும். அதுவரை சேரும் உப்பை அந்தச் சின்னத் தொட்டி தாங்காது. மண்ணை மாற்றுங்கள். மார்ச்சு சரியான நேரம், சூடு இருக்கிறது, வேர் சீக்கிரம் பிடிக்கும்.

முந்தின நாள் மாலை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் வெயில் இறங்கிய பின் தொட்டியைச் சாய்த்துத் தட்டி வேர்க்கட்டோடு எடுங்கள். வெளிப்பக்கத்திலும் அடியிலும் இரண்டு அங்குல மண்ணை மரக்குச்சியால் உதிர்த்து, சுற்றிச் சுற்றி ஓடிய வேரை மட்டும் நறுக்குங்கள். நடுவேரைத் தொடாதீர்கள், கறிவேப்பிலைக்கு அது பிடிக்காது. 15 அங்குலத் தொட்டி வாங்கிக்கொள்ளுங்கள். கலவை: செம்மண் 2 பங்கு, மட்கிய தொழு உரம் 1, தேங்காய் நார்க்கழிவு 1, பருமணல் 1. நார்க்கழிவை மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே சேருங்கள், அதிலும் உப்பு இருக்கும். மணல் கட்டட வேலை நடக்கும் இடத்துக் குவியலிலிருந்து வேண்டாம், சிமெண்ட் தூள் கலந்திருந்தால் பழைய கதை மறுபடி தொடங்கும். கலந்த மண்ணிலும் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் சோதனை செய்துவிட்டே நிரப்புங்கள்.

அடியில் ஜல்லி போடும் வழக்கத்தை விடுங்கள். தண்ணீர் நுண்ணிய மண்ணிலிருந்து ஜல்லிக்குள் சட்டென்று இறங்காது, ஜல்லிக்கு மேலேயே தேங்கி நிற்கும். வேருக்கான இடம்தான் குறையும். ஓட்டையை மூட ஒரு ஓட்டுத்துண்டு போதும்.

பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு ஜெயநகர் சொன்ன 2 கிராம் செலேட் ஒரு முறை. இனி தண்ணீர் விடும்போது அடியில் சிறிது வடிய வேண்டும், ஊற்றியதில் ஆறில் ஒரு பங்கு. வடிந்ததைத் தட்டில் தேங்க விடாமல் கொட்டிவிடுங்கள்.

மழைநீருக்கு ஏப்ரல், மே கோடை மழையே போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். மொட்டை மாடியில் 2 சதுர மீட்டர் தார்ப்பாய் கட்டினால் 20 மில்லிமீட்டர் மழைக்கு 40 லிட்டர். முதல் பத்து நிமிடத் தண்ணீரைத் தூசியோடு போகவிட்டுப் பிறகு பிடியுங்கள். டிரம்மை இறுக மூடி வையுங்கள், டெங்குக் கொசுவுக்குச் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். மழைநீர் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பாதிக்குப் பாதி போர் தண்ணீரோடு கலந்தாலே காரம் பாதியாகும்.

ஜெயநகர்_மாடித்தோட்டம் எழுதியது:

கவாத்தை மண் மாற்றும் அதே நாளில் செய்ய வேண்டாம். மூன்று, நாலு வாரம் கழித்து, புதுத் துளிர் பச்சையாக வந்த பிறகு செய்யுங்கள். உச்சி மொட்டு இருக்கும் வரை அதிலிருந்து கீழே இறங்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் பக்க மொட்டுகளை எழவிடாது. தரையிலிருந்து இரண்டரை அடியில், ஒரு கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, கூரான கத்தரியால் சாய்வாக வெட்டுங்கள். வெட்டுக்குக் கீழே உள்ள மூன்று, நாலு கணுவில் முளை கிளம்பும். அந்தக் கிளைகள் ஒரு அடி ஆனதும் அவற்றின் நுனியையும் கிள்ளிவிடுங்கள். சமையலுக்கு இலை இலையாக உருவாமல் ஈர்க்கோடு கொத்தாக ஒடித்தால் அதுவே பாதிக் கவாத்து. பூங்கொத்து வந்தால் எடுத்துவிடுங்கள், காய் பிடித்தால் துளிர் குறையும்.

துளிர் நன்றாக வரத் தொடங்கியதும் 15 நாளுக்கு ஒரு முறை அம்மோனியம் சல்ஃபேட், லிட்டருக்கு 1 கிராம், ஈர மண்ணில் ஒரு லிட்டர். தழைச்சத்தை அம்மோனியமாக எடுக்கும்போது வேர் அமிலத்தை வெளியே விடும், இரும்புக்கும் வழி திறக்கும். அக்டோபரோடு நிறுத்திவிடுங்கள்.

பச்சைத் துளிர் வந்தால் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியும் வரும். குட்டிப் புழு பறவை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இலை மேல் ஒட்டிக்கிடக்கும், பலர் எச்சம் என்றே விட்டுவிடுவார்கள். பெரிதானால் பச்சை, தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். நாலடிச் செடியை நாலைந்து புழு ஒரு வாரத்தில் மொட்டையாக்கிவிடும். மருந்து அடிக்க வேண்டாம், காலையில் கொழுந்து இலையைப் பார்த்து, கடுகு அளவு மஞ்சள் முட்டையைக் கையால் தடவி எடுத்துவிடுங்கள்.

எலெக்ட்ரானிக்சிட்டி_வடக்கு எழுதியது:

15 அங்குலத் தொட்டி ஈர மண்ணோடு ஐம்பது, அறுபது கிலோ வரும். ஏப்ரலில் இடம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், மண் நிரப்பும் முன்பே சக்கரம் வைத்த தட்டில் வைத்துவிடுங்கள்.